வீட்டில் இரண்டு தாத்தா

மகளின் பிறந்தநாளுக்கு கண்டி டவுனில் உள்ள கோயிலுக்குப் போயிருந்தோம். மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். சின்னவன் புதுச் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, எனக்கு சாமி தெரியல. தூக்குங்க தாத்தா."

தூக்கினேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"பேத்தி பேர்லயா அர்ச்சனை? நட்சத்திரம் என்ன?"

"பூரட்டாதி" என்றேன்.

"பேத்தி இல்லை, மகள்" என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள், ஐயர் அதற்குள் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். நான் அப்படித்தான். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் "இறக்கம்" என்று கத்த மாட்டேன். வேறு யாராவது இறங்கும்வரை இருந்துவிட்டுத் திரும்பி நடந்து வருவேன். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்து மனைவி, "என்னாங்க, தேங்கா அழுகலா?" என்று கேட்டாள்.

தேங்காய் நல்லாத்தான் இருந்தது.

நான் கல்யாணம் முடித்தது பிந்தித்தான். வீட்டில் தங்கச்சிமார் இருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் செய்து முடிக்கும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தலை அதற்கு முன்பே நரைத்துவிட்டது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு எல்லாம் அப்படித்தான். மகளைக் கையில் வாங்கியபோதே ஆஸ்பத்திரியில் ஒரு தாதி என்னைப் பார்த்து, "பிள்ளையின் அப்பா எங்கே?" என்று கேட்டவள்தான். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் அப்போது என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வந்த பிறகு அவளே என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள் என்று யார் நினைத்தது?

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. கண்டியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் தெரியும், சொன்னால் சிரிப்பு வரும், அவ்வளவுதான். எனக்கும் சிரிப்பு வந்த காலம் ஒன்று இருந்தது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவரைக்கும் நான் அப்பாவாகத்தான் இருந்தேன். மனைவியின் அப்பா பக்கத்துக் காம்பராவில் இருந்தார். அவர் தாத்தா, நான் அப்பா, குழப்பம் ஒன்றும் இல்லை. பிறகு மனைவிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் டவுனில் ஒரு இரும்புக் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். மலையில் இருந்து தினமும் இறங்கி ஏறுவதைவிட, கட்டுகஸ்தோட்டையிலேயே ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்துப் போய்விடலாம் என்று அவள் சொன்னாள். பிள்ளைகளுக்கு நல்லது என்றாள். போனோம்.

நல்லதுதான். தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் மேல்மாடியில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று கீழே குடியிருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும். லயத்து வாசலில் ஓடித் திரிந்த பிள்ளைகள். அவர்களை "ஓடாதே, குதிக்காதே, கதிரையை இழுக்காதே" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். சின்னவனுக்கு மூன்று வயது. அவனுக்கு நடக்கத் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். அவன் ஓடினால் கீழே வீட்டுக்கார அம்மா கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டுத் திரும்பத் தட்டுவான். நல்ல மனுஷிதான், சிங்கள அம்மா, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். என்னை "மல்லி" என்று கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம். என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான் என்பதால், அவர் தட்டும்போது எனக்குக் கோபமும் வராது.

அந்தப் பக்கத்தில் நேசரி ஒன்றுதான் இருந்தது. சிங்கள நேசரி. மகளை அங்கே சேர்த்தோம். மனைவி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைசீவி, பாணுக்குச் சம்பல் வைத்துக் கட்டி, கூட்டிப் போய் விடுவது என் வேலை. பகலில் கடையில் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து கூட்டிப் போவதும் நான்தான். நேசரி கேற்றடியில் எல்லாரும் தாய்மார். நான் ஒரு ஆண், எதிரில் உள்ள சுவரோடு ஒட்டி நிற்பேன். டீச்சர் கேற்றைத் திறந்ததும் என்னைக் கண்டுவிட்டு உள்ளே பார்த்துச் சத்தம் போடுவார்.

"துவ, தாத்தா ஆவா!"

மகளே, அப்பா வந்துவிட்டார் என்று. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து "தாத்தா ஆவா, தாத்தா ஆவா" என்று பாட்டாகப் பாடும். ஒரு மாதம் போவதற்குள் என் மகளும் அந்தப் பாட்டோடு ஓடி வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் தாத்தாதான். மறுநாளும் தாத்தா. அவள் சொல்கிறதைக் கேட்டு, அப்போதுதான் சொல் பழகிக்கொண்டிருந்த சின்னவனும் தாத்தா என்றான். அவன் ஒரு நாளாவது அப்பா என்று முழுசாகச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறொன்று. சிங்களத்திலும் அம்மாவுக்கு அம்மாதான். மலையில் இருந்து இறங்கி வந்ததில் மனைவி ஒன்றையும் இழக்கவில்லை. காலையில் அம்மா, மாலையில் அம்மா, இரண்டு பாஷையிலும் அம்மா. நான் மட்டும் ஒரு தலைமுறை ஏறிப்போனேன். இதை ஒருநாள் அவளிடம் சொன்னேன்.

"அதுக்கு நா என்னா செய்ய? நா போயி அந்த பாஷைய மாத்தவா?" என்றாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே. "வாய் நெறைய கூப்பிடுறா. கூப்பிடாத புள்ளைங்க எத்தன இருக்கு. பெருசா பேச வந்துட்டீங்க."

"ஊர்ல எல்லாரும் என்னய பாட்டன்னு நெனைக்கிறாங்க."

"நெனைச்சா நெனைக்கட்டும். எனக்கு எளசா ஒரு புருஷன் இருக்கான்னு ஊர்ல யாரும் நெனைக்கலதான்."

அவளோடு பேச்சில் நான் ஒருநாளும் வென்றதில்லை.

அந்தச் சொல்லுக்குள் இன்னொரு வேடிக்கை இருந்தது. சிங்களக்காரர்கள் சிலருக்கும் என் தலையைப் பார்த்ததும் சந்தேகம் வரும். "சீயாத?" என்று மகளைக் கேட்பார்கள். பாட்டனா என்று. அவள் உடனே தலையை நிமிர்த்தி "நே, மகே தாத்தா!" என்பாள். இல்லை, என் அப்பா. அங்கே அவள் என்னைக் காப்பாற்றிவிடுவாள். அதே பிள்ளை, அதே சொல்லைத் தமிழ் ஆட்கள் நடுவில் சொல்லி என்னைக் கவிழ்த்துவிடுவாள்.

நான் ஒரு யோசனை செய்தேன். அப்பா என்று கூப்பிடாமல் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் தொடங்கினேன். மகள் கக்கூசுக்குள் இருந்து கூப்பிட்டாள். "தாத்தா, முடிஞ்சிருச்சு!" நான் பேசாமல் அலுமாரிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "தாத்தா! கழுவி விடுங்க!" நான் பேசவில்லை. "தாத்தாவ்!" சத்தம் ஏறியது. சின்னவன் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று அவளுக்குத் துணையாகத் தாத்தா தாத்தா என்று கத்திக் கதவைத் தட்டத் தொடங்கினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். படியில் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார்.

"மல்லி! துவ கதா கரனவா நே! எஹென்னெ நெத்த?"

பிள்ளை கூப்பிடுகிறாளே, காது கேட்கவில்லையா என்று கேட்டார். நான் என்ன சொல்ல? தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லும்வரை காத்திருக்கிறேன் என்று சிங்களத்தில் எப்படி விளங்கப்படுத்துவது? எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். கம்பி, ஆணி, சீமெந்து, நாளைக்கு வாங்க. தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கழுவி விட்டேன். அந்த அம்மா அதன் பிறகு கொஞ்சநாள் என்னோடு பேசும்போது சத்தமாகப் பேசினார்.

அடுத்த வருஷம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்குப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் முதல்நாள் அங்கே போய் நின்று, ஒரு தமிழ் டீச்சர் "இது யாரு?" என்று கேட்க, இவள் "தாத்தா" என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அதற்கு முன் எப்படியாவது அந்தச் சொல்லை அவள் வாயில் திரும்ப வரவைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது.

அதற்காகத்தான் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போவது என்று முடிவெடுத்தேன். ஒருநாள் முழுக்க நாங்கள் நாலு பேர் மட்டும், டீச்சர் இல்லை, வீட்டுக்கார அம்மா இல்லை. நாள் முழுக்கத் தமிழ். அப்பா என்று சொன்னால் ஐஸ்கிறீம். பௌர்ணமிப் போயா நாளில் எனக்கும் லீவு, மனைவிக்கும் லீவு.

முதல்நாள் பின்னேரம் ஒரு பாக்கெட் கறுப்புச் சாயம் வாங்கி வந்து தலைக்குப் பூசினேன். வாழ்க்கையில் முதல்தடவை. தலையில் பட்டது பாதி, காதிலும் நெற்றியிலும் பட்டது பாதி. எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் நெற்றியில் ஒரு கோடு போகவில்லை. மனைவி கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இப்படி வரல. இப்ப யாரப் பாக்கப் போறீங்க?"

மகள் என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தாத்தா, ஒங்களுக்கு சேறு பட்டிருக்கு."

மறுநாள் கிளம்பியதே சண்டையில்தான். சின்னவனுக்கு மழைச் சப்பாத்துத்தான் வேண்டுமாம். வெயில் எரிக்கிற நாளில் அதைப் போட்டுக்கொண்டு வந்தான். சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், மாற்றுத் துணி, குடை எல்லாம் என் தோளில். டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொன்று. இரண்டிலும் நின்றுகொண்டே போனோம். போயா நாளென்றால் கண்டியே அங்கேதான் இருக்கும் என்று எனக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. கேற்றில் வரிசை பாதை வரைக்கும் நின்றது.

உள்ளே போனதும் மகள் பனைமரங்கள் நிற்கிற நேர்ப்பாதையில் கையை விரித்துக்கொண்டு ஓடினாள். கீழே யாரும் தும்புத்தடியால் தட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்னவன் பின்னால் ஓடினான், மழைச் சப்பாத்து ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சநேரம் மனசு லேசாக இருந்தது. மரத்தில் தலைகீழாகத் தொங்கிய வௌவால்களைக் காட்டினேன். தொங்குபாலத்தில் ஏறினோம், அது ஆடியதும் சின்னவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "தாத்தா போதும், தாத்தா போதும்" என்று அலறினான். நான் ஐஸ்கிறீமை ஞாபகப்படுத்தினேன்.

"அப்பான்னு சொல்லு பாப்பா. ஐஸ்கிறீம் வாங்கித் தாறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "மாட்டேன்."

"ஏன்?"

"சிரிப்பு வருது."

"அப்பான்னு சொல்ல என்னா சிரிப்பு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஐஸ்கிறீமையும் வாங்கித்தான் கொடுத்தேன். இல்லாவிட்டால் சின்னவன் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டான்.

பெரிய புல்வெளியில் ஒரு பரந்த மரத்தடிக்குப் போகும் வழியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் நின்றது. சுற்றுலா வந்தவர்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள். அந்த ஆள் என்னைக் கண்டதும் போனை நீட்டினார்.

"ஐயா, ஒருக்கா எங்கள ஒரு படம் எடுத்து விடுவியளே?"

எடுத்துக் கொடுத்தேன். என் விரலும் சேர்ந்து விழுந்திருக்கும், அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் மகள் ஓடி வந்து "தாத்தா, தம்பி புல்லுல உருளுறான்" என்றாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவினார்.

"நல்ல வடிவான பிள்ளை. பேரப்பிள்ளையளோட வந்தனீங்களோ ஐயா?"

சாயம் பூசிய தலை. நெற்றியில் கறுப்புக் கோடு. அப்படியும் ஐயா, அப்படியும் பேரப்பிள்ளை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஐந்து பேரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இல்லை என்றால் அவர்கள் வெட்கப்படுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், பிறகு நான் அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஆமாங்க" என்றேன்.

மனைவி எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"இவா உங்கட மகளோ?" என்று அந்த அம்மா அவளைக் காட்டிக் கேட்டார். நான் எதையும் சொல்வதற்கு முன் மனைவி, "ஆமாங்க, மூத்த மக" என்று சொல்லிவிட்டுச் சின்னவனை இழுத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள்.

மரத்தடியில் அவளே பாயை உதறி விரித்தாள். பார்சலைப் பிரித்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கப்பா."

பெற்ற மகள் சொல்லாத சொல்லை அவள் சொன்னாள். கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன்.

"வெளையாடுறியா?"

"நீங்கதானே சொன்னீங்க. பேரப்புள்ளைங்கன்னா அப்ப நா யாரு? வாயில என்னா, கொழுக்கட்டையா? இல்லங்க, என் புள்ளைங்கன்னு சொல்ல நாக்கு புரளாதா? புள்ள கூப்பிடலன்னு வீட்டுல மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியறீங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க நீங்க அப்பான்னு."

முட்டையை உரித்துச் சின்னவனுக்குக் கொடுத்தேன். அவன் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றான். மஞ்சளை என் பக்கம் வைத்தான்.

பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கும் மகளின் வயதில் ஒரு பெண்பிள்ளை. பிள்ளைகளுக்கு அறிமுகம் தேவையில்லை. இரண்டு பேரும் மரத்தின் வேர்களுக்கு இடையில் வீடு கட்டி விளையாடத் தொடங்கிவிட்டார்கள். வேரில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தார்கள். கொஞ்சநேரத்தில் அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் வந்து பொத்தென்று விழுந்தாள்.

"மஹன்சியி அப்பா!"

களைப்பாக இருக்கிறது என்பதுதான் அது. அவள் சொன்னது தன் அம்மாவிடம். அவளுடைய அப்பா தள்ளிப் போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பவும் இல்லை. அந்த அம்மா சோற்றை வாயில் தீத்தப் போனதும் பிள்ளை கையைத் தட்டிவிட்டாள். "எபா அப்பா!" வேண்டாம் என்றாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

மனைவி அவளை இழுத்து மடியில் வைத்தாள். "என்னாடி சிரிப்பு? அந்தப் புள்ள என்னா சொல்லிச்சு?"

"எபா அப்பா."

"அதுல என்னா இருக்கு?"

"அப்பான்னா சும்மா சொல்றதும்மா. சலிச்சுப் போனா சொல்றது." அவள் டீச்சரைப் போல விரலை ஆட்டி விளக்கினாள். "நேசரில நா அழுதேன்ல? மொத நாளு. அப்பா, அப்பான்னு அழுதேன்ல? எல்லாரும் சிரிச்சாங்க. எபா அப்பா, எபா அப்பான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சாங்க. டீச்சர் கேட்டாங்க, யாரு வேணும், தாத்தாவான்னு. நா ஆமான்னேன்."

நானும் எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். கடையில், பஸ்ஸில், வீட்டுக்கார அம்மாவின் வாயில். ஐயோ அப்பா, போதும் அப்பா, எபா அப்பா. மூச்சு விடுவதைப் போல, சலிப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சத்தம். அதற்கு அர்த்தம்கூட இல்லை. நான் ஒருநாளும் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. முதல்நாள் அவளை நேசரியில் விட்டுவிட்டு, அவள் கூப்பிடும் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பிப் பார்த்தால் இன்னும் அழுவாள் என்று டீச்சர்தான் சொல்லியிருந்தார். உள்ளே அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அங்கே இருந்தவர்களுக்கு, ஒரு பிள்ளை நின்றுகொண்டு "ச்சே, ச்சே" என்று அழுவதைப் போலக் கேட்டிருக்கிறது.

யாரோடு கோபப்படுவது? நாலு வயசுப் பிள்ளைகளோடா? டீச்சர் கெட்டவர் இல்லை, அவர்தான் அவளைத் தூக்கி வைத்து யார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இத்தனை மாதம் நான் பிள்ளை மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ் பிதுங்கி வழிந்தது. மனைவி சின்னவனோடு முன்னால் எங்கோ மாட்டிக்கொண்டாள். நான் மகளை ஒரு கையிலும் பைகளை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், கையை நீட்டினார்.

"பிள்ளய இங்க தாங்க ஐயா. நான் மடீல வெச்சுக்கொள்றேன். திகனைக்குப் போற நான், கண்டி வரைக்கும் வருவேன்."

மகளைக் கொடுத்தேன். அவள் வெட்கப்படாமல் உட்கார்ந்தாள். அந்தப் பெண்மணி அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பேத்தியா?"

"இல்ல" என்றேன். "மக. என் மக."

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். கொண்டக்டர் திரும்பினார். கூட்டத்துக்கு நடுவில் மனைவியின் தலை எட்டிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்மணியின் முகம் மாறியது, கேட்டிருக்கக் கூடாதோ என்று. அப்போது என் மகள், எனக்கு உதவி செய்கிற நினைப்பில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஆமா! இது எங்க தாத்தா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு இறங்கிவிடலாம் போல இருந்தது. அந்தப் பெண்மணி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விஷயம் விளங்கி, முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கத் தொடங்கினார்.

"சிங்கள நேசரியா மகள்? அதானே பாத்தேன்! எங்கட ஊட்டுல தாத்தாண்டா அக்கா தெரியுமா? என்ட ராத்தாவத்தான் நாங்க தாத்தாண்டு கூப்புடுற. அவ கேட்டா என்ன சொல்லுவா, இந்தா, மீச வெச்ச தாத்தா!"

அதற்குப் பிறகு பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சிங்களத்தில் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். முன்னால் மனைவியின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. இறங்கும்போது அந்தப் பெண்மணி பிள்ளையை என் கையில் தந்து, "கோவிச்சுக்காதீங்க தம்பி" என்றார். ஐயாவில் இருந்து தம்பிக்கு இறங்கியிருந்தேன். அதை அனுபவிக்கவும் நேரம் இல்லை, கட்டுகஸ்தோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும். சின்னவன் மனைவியின் தோளில் தூங்கிவிட்டான், மழைச் சப்பாத்து இரண்டும் என் பையில். எனக்குக் கால் வலித்தது, தோள் வலித்தது, நாள் முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகிவிட்டோம் என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை. பாதி ஏற்றத்தில் மகள் நின்றுவிட்டாள். தோளைத் தொங்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பெருமூச்சு விட்டாள்.

"கால் வலிக்குது அப்பா."

நான் நின்றேன். மனைவியும் நின்றாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, தூங்குகிற பிள்ளை எழும்பாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷப்பட்டுக்காதீங்க. அது ஒங்கள இல்ல. சலிச்சுப் போயி சொல்றா."

"இருக்கட்டும்" என்றேன்.

பைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்தேன். மகள் முதுகில் ஏறித் தன் கன்னத்தை என் காதில் வைத்தாள். சாயம் அவள் கன்னத்தில் ஒட்டுமோ என்று நினைத்தேன். ஏற்றம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அப்பா என்றாள். ஒருமுறை நுளம்பு கடித்ததற்கு, ஒருமுறை நான் மெதுவாக நடக்கிறேன் என்று. நான் இரண்டுக்கும் "ம்" என்றேன்.